ஹீற்றர் ஹோஸைக் கழற்றலாமா? பழைய கார்களும் தண்ணீர் ஓடும் வழியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையின் தென்பகுதியில் இருக்கிறது மண்டூர். கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத நிலம். மார்கழி, தை மாதங்களின் அதிகாலையிற்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதப் பிற்பகல்களில் அது 35 பாகையைத் தொட்டுவிடும். இந்த ஊரில் மொரிஸ் மைனர் ஒன்றின் பொனற்றைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. எஞ்சினின் பின்புறத்திலிருந்து கிளம்பி, வயர்களுக்கு மேலாக வளைந்து, காருக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போய்த் திரும்பிவரும் இரண்டு கறுப்பு இறப்பர்க் குழாய்களுக்கு இங்கே என்ன வேலை?

அவை ஹீற்றர் ஹோஸ்கள். இங்கிலாந்தின் குளிருக்காக வந்தவை. பழைய கார்களைச் சீர்செய்து அழகாக வைத்திருக்க விரும்புகிறவர்கள் உலகெங்கும் முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சிலர் குழாய்களை முழுதாகக் கழற்றிவிடுகிறார்கள். சிலர் கண்ணுக்குத் தெரியாத வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். வேறு சிலர் இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீருக்கோ இவை மூன்றும் மூன்று வேறு வழிகள். ஒரு வழி ஒரு எஞ்சினுக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குக் கேடாகவும் முடியும். ஆகவே அழகைப் பற்றி முடிவெடுக்குமுன் தண்ணீரின் பாதையை அறிந்தாக வேண்டும்.

பழைய கார்கள் தங்கிய கதை

இலங்கையில் பிரித்தானியக் கார்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குப் பாசம் மட்டுமே காரணமல்ல. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதுக் கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாக் கனி. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன், ஃபோர்ட் பிரிஃபெக்ற் போன்றவை தலைமுறை தாண்டிக் கைமாறின. உடைந்த பாகத்துக்குப் பதில் இன்னொன்று கிடைக்காதபோது மெக்கானிக் அதைத் தானே கடைந்து செய்தார். 1977க்குப் பின் ஜப்பானிலிருந்து மீள்சீரமைத்த வாகனங்கள் வந்து குவிந்தன. அப்போதும் பழையவை அழிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்தில்தான் தளர்த்தப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் கொட்டிலில் கிடந்த எத்தனையோ கார்கள் மீண்டும் வெளியே இழுக்கப்பட்டன.

போர்க்காலமும் ஒரு பாடம் கற்பித்தது. 1990களில் எரிபொருள் தடை இறுகிய யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது நன்றாகச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல்போல இலகுவில் ஆவியாகாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அது எரியாமல் வழிந்து, சம்ப்பில் உள்ள எண்ணெயோடு கலந்துவிடும். எஞ்சினுக்கு உரிய சூடு எவ்வளவு, அதை எப்படிப் பிடித்துவைப்பது என்பதெல்லாம் அன்றைய ஓட்டுநர்களுக்குப் பயணத்தை முடிவுசெய்யும் விடயங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கார்களோடு பழைய உறவு உண்டு. இன்று லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் பெயர்போன அசோக் லேலண்ட் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் சென்னையில் தொடங்கியதே ஒஸ்ரின் ஏ40 கார்களைப் பூட்டுவதற்காகத்தான். இலங்கையிலோ 1990களில் ஒரு விந்தை நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கும் கூட்டு முயற்சியில் இறங்கினார். கார் பிறந்த நாட்டுக்கே அதன் பாகங்கள் இங்கிருந்து போயின.

ஹீற்றர் வந்த வழி

காருக்குள் சூடு என்பது தொடக்கத்தில் ஆடம்பரம். அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1938இல், வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சுடுதண்ணீரால் சூடாக்கி அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. பிற்காலத்து ஹீற்றர்கள் அந்த வழியையே பின்பற்றின. பிரித்தானியக் கார்களில் அது நெடுங்காலம் மேலதிகப் பணம் கொடுத்தால் மட்டும் கிடைக்கும் பொருளாக இருந்தது.

மொரிஸ் மைனரின் கதை இதற்கு நல்ல சான்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த முதல் மைனரின் 918 சிசி எஞ்சினுக்கு வோட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே எழும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அது சுழன்றது. அவ்வளவு மெதுவாக ஊரும் தண்ணீரைக் கொண்டு ஹீற்றரை ஓட்ட முடியாது. 1950, 51 காலப்பகுதியில் பம்ப் வந்த பிறகுதான் அந்தக் காருக்கு ஹீற்றர் பூட்டும் வழி திறந்தது. 1952இல் ஒஸ்ரினும் மொரிஸும் ஒன்றிணைந்தபின் மைனருக்கு ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் எஞ்சின் கிடைத்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. நம்மூரில் இன்றும் ஓடும் மைனர்களில் பெரும்பாலானவை இந்த எஞ்சினோடு வந்தவைதான்.

இந்த எஞ்சினின் ஹெட்டில், பின்பக்க முனையில், இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஓர் இடம் உண்டு. ஹீற்றர் உள்ள காரில் அங்கே ஒரு டெப் இருக்கும். ஹீற்றர் இல்லாத காரில் அதே இடத்தை ஒரு சிறு தகடு மூடியிருக்கும். அந்தத் தகடு தொழிற்சாலையே பூட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹீற்றர் இல்லாமலும் இந்த எஞ்சின் ஓடும் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டதற்கு அதுவே அத்தாட்சி.

பொனற்றுக்குக் கீழே

எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குள் போகிறது. பம்ப் அந்தத் தண்ணீரைப் புளொக்குக்குள் தள்ளும். அங்கிருந்து ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கத்தில் தெர்மோஸ்ரற்றைத் தாண்டி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேற்றருக்குப் போகும். ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் பம்புக்கு வரும். தெர்மோஸ்ரற் செய்வது வயலில் வக்கடை செய்யும் வேலை. தண்ணீர் குறித்த சூட்டுக்கு வரும்வரை ரேடியேற்றர்ப் பக்கம் விடாமல் மறித்துவைக்கும். இந்தக் கார்களுக்கு 74, 82, 88 பாகைகளில் திறக்கும் தெர்மோஸ்ரற்றுகள் கிடைக்கின்றன. வெப்ப நாடுகளில் 74 அல்லது 82 போடுவதே வழக்கம்.

மறித்துவைத்திருக்கும் நேரத்தில் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே போவது? பம்ப் சுழன்றபடியே இருக்கிறது, தண்ணீருக்கோ வெளியேற வழியில்லை. அப்படித் தேங்கினால் எரியறையை அடுத்த இடங்களில் அது கொதித்து ஆவிக் குமிழியாகிவிடும். தெர்மோஸ்ரற் இருக்கும் இடத்துக்கு அந்தச் சூடு உடனே போய்ச் சேராது. ஆகவே அது திறப்பதும் தாமதமாகும். இதைத் தவிர்க்கவே பைபாஸ் என்ற குறுக்குவழி வைக்கப்பட்டது. ஏ-சீரிஸ் எஞ்சினில் அது ஹெட்டின் முன்பக்க அடியிலிருந்து நேரே பம்பின் மேற்பகுதிக்கு இறங்கும் ஒரு குட்டி ஹோஸ். பெருவிரல் நீளம்தான் இருக்கும். வெடித்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. பம்பையோ ஹெட்டையோ கழற்றாமல் நேரான ஹோஸை அந்த இடைவெளிக்குள் நுழைக்க முடியாது. அதனால்தான் துருத்திபோல மடித்து அமுக்கிப் போடக்கூடிய ஹோஸும் கடைகளில் விற்கிறார்கள்.

ஹீற்றர் வட்டம் இதற்கு அடுத்தபடி. ஹெட்டின் பின்முனையிலிருந்து புறப்பட்ட சுடுதண்ணீர் ஹீற்றர்ப் பெட்டிக்குள் இருக்கும் சிறு ரேடியேற்றருக்குள் ஓடி, திரும்பிவந்து கீழ் ஹோஸில் உள்ள ஒரு கிளைக்குழாயில் சேரும். அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில். இந்த வட்டத்துக்கும் தெர்மோஸ்ரற்றுக்கும் தொடர்பில்லை. டெப் திறந்திருந்தால் தெர்மோஸ்ரற் மூடியிருந்தாலும் இதில் தண்ணீர் ஓடும். ஹோஸைத் திருப்புவது பற்றிய வாதங்கள் அத்தனையும் இந்த ஓர் இடத்திலிருந்து கிளைப்பவையே.

எஞ்சினைப் பொறுத்த பதில்

முதல் வகை, தனக்கென்று தனியான பைபாஸ் உள்ள எஞ்சின்கள். மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ், ஒக்ஸ்போர்ட்டிலும் கேம்பிரிட்ஜிலும் இருக்கும் பி-சீரிஸ் இரண்டும் இதில் அடங்கும். அமெரிக்கச் செவர்லேயின் சிறிய வி8 எஞ்சினும் இந்த வகைதான். இவற்றில் ஹீற்றர் வட்டத்தை மூடிவிட்டாலும் எஞ்சினுக்குச் சுழல வழி இருக்கும்.

இரண்டாவது வகை, ஹீற்றர் வட்டத்தையே பைபாஸாகப் பயன்படுத்தும் எஞ்சின்கள். மினிக்குப் போன பிற்கால ஏ-சீரிஸ் எஞ்சின்களில் அந்தக் குட்டி ஹோஸை நீக்கிவிட்டார்கள். வெளியே பார்க்க முன்னையதைப் போலவே இருக்கும். ஆனால் அங்கே ஹீற்றர்க் குழாயை அடைத்தால், தெர்மோஸ்ரற் திறக்கும்வரை தண்ணீருக்குப் போக்கிடமே இராது. அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்பவர்கள் தெர்மோஸ்ரற்றின் தட்டில் சிறு துளைகள் போட்டுக்கொள்வது வழக்கம்.

மூன்றாவது வகைதான் பலரை ஏமாற்றுவது. இவற்றில் அந்த ஹோஸ் ஹீற்றரோடு வேறொரு வேலையையும் செய்துகொண்டிருக்கும். 1960களின் நடுப்பகுதியில் வந்த ஃபோர்ட் மஸ்டாங் வி8 கார்களில் ஹீற்றர் ஹோஸைக் காபரேற்றரின் சோக் பெட்டியோடு ஒட்டினாற்போல் ஒரு கிளிப்பில் பிடித்திருப்பார்கள். ஹோஸின் சூடு பட்டுத்தான் அந்தத் தானியங்கிச் சோக் நேரத்துக்குத் திறக்கும். துப்புரவு என்று ஹோஸை அப்பால் நகர்த்தினால் சோக் திறக்கத் தாமதித்து எஞ்சின் புகை கக்கும். பிற்கால ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயரிலும், மினிகள் சிலவற்றிலும் இன்லெற் மனிஃபோல்டைச் சூடாக்கத் தண்ணீர் ஓடுகிறது. அதையும் ஹீற்றர் ஹோஸ் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

நான்காவதாக ஒரு வகையையும் சொல்லலாம்: தண்ணீரே இல்லாதது. வொக்ஸ்வாகன் பீற்றிலில் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. அதன் ஹீற்றர் எக்சோஸ்ற் சூட்டிலிருந்து காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பும். அங்கே ஹோஸைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மூடுவதா, சுற்றிவிடுவதா, மறைப்பதா

ஹீற்றரைக் கழற்றியபின் இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துச் சுற்றிவிடுவது கராஜ்களில் சாதாரணமாக நடக்கும் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஒழுகவும் ஒழுகாது. அதன் குறை வெப்ப நாட்டில்தான் தெரியவரும். முன்பு அந்த வட்டத்தில் போன சுடுதண்ணீர் ஹீற்றரின் சிறு ரேடியேற்றரில் கொஞ்சமாவது ஆறித் திரும்பியது. இப்போது ஆறாமலே பம்புக்கு வந்துவிடுகிறது. அரை அங்குல ஹோஸ் என்றாலும் அதில் போகும் தண்ணீர் பெரிய ரேடியேற்றரைத் தொடாத தண்ணீர். ரேடியேற்றர் பாதி அடைபட்ட பழைய காரில், வெயிலில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்தச் சிறு இழப்பே ஊசியைச் சிவப்புக்குத் தள்ளப் போதும்.

தனிப் பைபாஸ் உள்ள எஞ்சினுக்கு, ஹெட்டில் தகட்டைப் பூட்டி மூடிவிடுவதே சுத்தமான வேலை. கீழ் ஹோஸில் உள்ள கிளைக்குழாயையும் எடுத்துவிட்டுக் கிளையில்லாத ஹோஸைப் போடலாம். வெறுமனே ஹோஸ் முனைக்குள் போல்ட்டைச் செருகிக் கிளிப்பால் இறுக்குவது தற்காலிக வேலை. அதை வருடக் கணக்கில் விட்டுவைத்தால், உள்ளே துருப்பிடித்த போல்ட் இறப்பரைத் தின்று ஒருநாள் தெறித்துவிடும். இரண்டாவது வகை எஞ்சினுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே சுற்றிவிடுவதே பாதுகாப்பு. ஓட்டத்தைக் குறைக்க நடுவில் துளை சிறுத்த ஓர் இணைப்பை வைக்கலாம்.

மறைத்து எடுத்துச் செல்வது மூன்றாவது வழி. ஹீற்றர் வேண்டும், ஆனால் ஹோஸ் எஞ்சினுக்கு மேலாகத் தொங்கக்கூடாது என்பவர்களுக்கு இது. எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டியோ, மட்காட்டின் உட்பக்கமாகவோ குழாயை ஓட்டுவார்கள். நீளமான நேர்ப்பகுதிக்கு உலோகக் குழாய் வைத்து, வளைவுகளுக்கு மட்டும் இறப்பர் ஹோஸ் பூட்டுவது நல்ல முறை. எம்ஜிபி போன்ற கார்களில் தொழிற்சாலையே திரும்பிவரும் தண்ணீருக்கு இப்படியொரு உலோகக் குழாய் வைத்திருக்கிறது. குழாயின் முனையில் சிறு புடைப்பு இருக்கவேண்டும். அது இல்லாத மழமழப்பான முனையிலிருந்து அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நழுவிவிடும்.

வளைவில் மடிந்துபோகும் ஹோஸ் இருந்தும் பயனில்லை. கூர்மையான திருப்பத்துக்கு அச்சில் வார்த்த வளைவு ஹோஸ் வாங்க வேண்டும். எஞ்சின் இறப்பர்க் கட்டைகளில் ஆடும், காரின் உடல் ஆடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஹோஸை இழுத்துக் கட்டினால் கிளிப் இருக்கும் இடம் வெடிக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் இறப்பர் வளையம் போடாவிட்டால், தகட்டின் விளிம்பு சில மாதங்களில் ஹோஸை அறுத்துவிடும். எக்சோஸ்ற் மனிஃபோல்டிலிருந்து தள்ளி ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே. பலரும் மறப்பது பெற்றோல் குழாயை. இரண்டையும் ஒரே கிளிப்பில் பிடித்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் 80 பாகைத் தண்ணீர் பக்கத்தில் ஓடினால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, களுவாஞ்சிகுடிச் சந்தியில் நிறுத்திய கார் மறுபடி கிளம்ப மறுக்கும். டிஸ்ரிபியூற்றருக்கு நேர் மேலே எந்த இணைப்பையும் வைக்கக்கூடாது என்பதும் அப்படி மறக்கப்படுவதே. ஒரு சொட்டு ஒழுக்கு போதும், எஞ்சின் நின்றுவிடும்.

தெர்மோஸ்ரற்றை எறியும் பழக்கம்

இந்தக் கேள்வியோடு ஒட்டிவரும் இன்னொரு பழக்கத்தையும் பேசாமல் விட முடியாது. சூடேறுகிறது என்று கார் வந்தால் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது இலங்கையிலும் இந்தியாவிலும் பல மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். குளிர் நாட்டுக்கு மட்டும் உரிய பாகம் அது என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. தெர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் நெடுநேரம் குளிராகவே ஓடும். எண்ணெயில் ஈரம் தங்கும், சிலிண்டர்ச் சுவர் தேயும், பெற்றோல் செலவும் கூடும். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தில் பைபாஸ் வாயை மூடும் உருளைவளையம் ஒன்றைப் போடும் முறை ஏ-சீரிஸ், பி-சீரிஸ் எஞ்சின்களை ஓட்டப் பந்தயத்துக்குத் தயார்செய்வோரிடம் உண்டு. ஆனால் சூடேறும் காரில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேற்றரின் அடைப்பு, பெல்ற்றின் தளர்வு, மூடியின் இறப்பர், இக்னிஷன் நேரம் ஆகியவற்றையே.

மூடி என்றதும் ஒரு கணக்கு. மைனரின் ரேடியேற்றர் மூடிகளில் சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல், 7 இறாத்தல் அழுத்தம் தாங்குபவை உண்டு. 7 இறாத்தல் அழுத்தத்தில் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். அதிகம் நல்லதுதானே என்று 13 இறாத்தல் மூடியைப் போட்டால், அறுபது வருடத்து ஹீற்றர் ரேடியேற்றரின் ஈயப் பற்றுத்தான் முதலில் கைவிடும்.

இறப்பரும் உப்புத் தண்ணீரும்

பழைய ஹோஸ்கள் சாதாரண இறப்பர். இன்றைய தரமான கூலன்ற் ஹோஸ்கள் ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பரில் வருகின்றன. சூட்டையும் வெயிலையும் தாங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். நீலம், சிவப்பு நிறங்களில் மின்னும் சிலிக்கோன் ஹோஸ் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். அது மென்மையானது. துளைபோட்ட பட்டி உள்ள சாதாரணக் கிளிப் அதன் மேற்பரப்பை வெட்டிவிடும் என்பதால் உட்புறம் வழுவழுப்பான கிளிப் தேவை. அத்தோடு அதன் சுவர் வழியாகத் தண்ணீர் மிக மெல்ல ஆவியாகக் கசிவதால் மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸ் உள்ளே செத்திருக்கலாம். கூலன்ற்றும் வெவ்வேறு உலோகங்களும் சேர்ந்து ஒரு பற்றரிபோல இயங்குவதால் ஹோஸின் உட்சுவரில், குறிப்பாக முனைகளை அடுத்து, மயிரிழை வெடிப்புகள் உண்டாகும் என்று ஹோஸ் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். இதைக் கையாலேயே சோதிக்கலாம். எஞ்சின் ஆறியபின் ஹோஸின் நடுப்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்கிப் பார்த்து, அப்படியே கிளிப்புக்கு அருகே, முனையிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் அமுக்க வேண்டும். முனைப்பக்கம் நடுவைவிட இளகியிருந்தாலோ உள்ளே வெட்டுப்போல ஏதாவது தட்டுப்பட்டாலோ ஹோஸை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வாவிக்கரை ஊர்களில் இதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மட்டக்களப்பு வாவி உவர்நீர். அதை அண்டிய கிணறுகளில் வரட்சி மாதங்களில் உப்புத் தட்டும். அந்தத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றினால் இரும்பு துருவாகும், செம்பில் உப்புப் படிவு ஏறும். ஹீற்றரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடையும். வடித்த தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ கலந்த கூலன்ற்தான் இதற்கு மருந்து. உறைபனி இல்லாத ஊரில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் அதன் இரண்டாவது வேலையான துருத் தடுப்பை மறந்துவிடுகிறார்கள். இரும்பும் செம்பும் ஈயப்பற்றும் கலந்த பழைய எஞ்சினுக்கு மரபான பச்சை வகையைப் போட்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே பழைய கார்ச் சங்கங்கள் பொதுவாகத் தரும் அறிவுரை.

வைத்திருப்போர் சொல்லும் நியாயம்

மண்டூரில் ஹீற்றருக்கு வேலையே இல்லை என்பது முழுக்க உண்மையல்ல. வாடைக்காற்று மழை பிடித்த நாளில் நால்வர் ஏறிய காரின் முன்கண்ணாடி உள்ளே புகைபோல மூடிக்கொள்ளும். அதைத் துடைப்பது ஹீற்றரிலிருந்து கண்ணாடிக்கு ஏறும் சூடான காற்றே. ஹீற்றர்ப் பெட்டியைக் கழற்றினால் அதன் வழியே வரும் வெளிக்காற்றும் காற்றாடியும்கூடப் போய்விடும். ஆகவே தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டுப் பெட்டியை விட்டுவைப்பது நடுவழி. இதற்கு அதிக யோசனை தேவையில்லை. ஹெட்டில் இருக்கும் டெப்பை மூடினாலே போதும்.

இன்னொரு நியாயம் வீதியில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கே செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி பதுளை, நுவரெலியா வழியாகப் பேராதனைவரை போகிறது. வாவி மட்டத்திலிருந்து கிளம்பிய கார் ஒரே நாளில் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவை எட்டும். அங்கே தை மாத இரவில் வெப்பநிலை 10 பாகைக்கு வந்துவிடும். அதே ஏற்றத்தில் கார் கொதிக்கத் தொடங்கினால், டெப்பைத் திறந்து ஹீற்றரை முழுதாக ஓடவிடுவது பழைய ஓட்டுநர்களின் தந்திரம். உள்ளே இருப்பவர்கள் வேர்த்துக் கொட்டினாலும் எஞ்சினுக்கு அது இரண்டாவது ரேடியேற்றர். ரேடியேற்றர் மூடி பழுதாகி அழுத்தம் நிற்காத காரில் அந்த உயரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் இந்தத் தந்திரத்தின் பெறுமதி அங்கே கூடுகிறது.

மூன்றாவது, காரின் பெறுமதி. உலகப் பழங்கார்ச் சம்மேளனமான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், வரலாற்று வாகனங்களில் செய்யும் மாற்றங்கள் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைக்கிறது. எஞ்சின் அறையை வழித்துத் துடைத்து, வயரும் குழாயும் தெரியாமல் செய்வது அமெரிக்க ஹொற்றொட் மரபில் கலை. மூலநிலையைப் போற்றும் கண்காட்சியில் அதுவே குறை. ஹெட்டில் தகடு பூட்டுவதும் ஹோஸை மாற்றுவதும் ஒரு மணி நேரத்தில் திருப்பிவிடக்கூடியவை. பின்சுவரில் இருக்கும் துளைகளை வெல்டிங் வைத்து மூடிப் பெயின்ற் அடிப்பது அப்படியல்ல. கழற்றிய டெப்பையும் கிளைக்குழாயையும் எண்ணெய் தடவிப் பொதிந்து காரோடு வைத்திருப்பவர்கள் விற்கும் நாளில் அதன் பலனைக் காண்பார்கள்.

மாற்று எஞ்சின்கள் எழுப்பும் கேள்வி

மாற்றம் எதுவாயினும் வேலையின் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: காற்றை வெளியேற்றுவது. புதிதாக ஓட்டிய ஹோஸ் ரேடியேற்றர் மூடியைவிட உயரமாக வளைந்திருந்தால் அந்த வளைவில் காற்று சிக்கும். வெப்பமானியின் உணர்முனை அந்தக் காற்றில் பட்டுக்கொண்டிருந்தால், எஞ்சின் கொதிக்கும்போதும் ஊசி குளிர்ந்த பக்கத்தையே காட்டும். காரின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, டெப்பைத் திறந்து, மூடி இல்லாமல் தெர்மோஸ்ரற் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருவது நின்றபின் மட்டம் நிரப்ப வேண்டும். முதல் ஓட்டத்தை நெடுந்தூரத்துக்கு வைக்காமல், வெல்லாவெளிவரை போய்த் திரும்பி, ஆறவிட்டு, மறுபடி மட்டம் பார்த்துக் கிளிப்புகளை இறுக்குவது பாதுகாப்பு.

இதுவரை சொன்னவை எல்லாம் கார் தன் சொந்த எஞ்சினோடு இருக்கும்போது பொருந்துபவை. இலங்கையில் பழைய மைனர்கள் பலவற்றுக்குள் இன்று இருப்பது நிசானின் அல்லது டொயோட்டாவின் எஞ்சின். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். ஆனால் ஹோஸ் எந்த வழியே போக வேண்டும் என்று சொல்லும் வரைபடம் அத்தகைய கலப்புக் காருக்கு எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. ஹெட் இரும்பா அலுமினியமா என்பதே முதலில் மாறிவிடுகிறது. அலுமினிய ஹெட் தேங்கிய சூட்டில் இரும்பைவிட விரைவாகக் கோணும், செம்புக் குழாயோடு உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் அரிக்கும். பைபாஸ் தனியே உண்டா, ஹீற்றர் வட்டத்தோடு சேர்ந்ததா, காபரேற்றரின் அடியைச் சூடாக்க இன்னொரு கிளை போகிறதா என்பவற்றை அந்த எஞ்சின் முதலில் இருந்த காரின் கையேட்டைப் பார்த்துத்தான் அறிய முடியும். அது கிடைக்காத இடத்தில், பழைய காரிலிருந்து எஞ்சினை இறக்குமுன் அதன் ஹோஸ்கள் போகும் வழியைக் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கிற மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.